களைப்பு, சகிப்பு: சில குறிப்புகள்

சென்ற வருஷம் நண்பர் ஒருவர் ஒரு கவிதைத் தொகுப்புக்கு எழுதிய மதிப்புரையில், நம் இலக்கியச் சூழலின் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது, அதனால்தான் போலிகள் தடையின்றி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கின்றன என்கிற ரீதியில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தார். அவரைப் பார்த்தபோது படிமம் தவறு என்று சொன்னேன். "படிமத்தில் சரி தவறு ஏதுய்யா, பொருந்துகிறதா இல்லையா என்பதுதானே" என்றார். பொருந்தவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். வேறு பேச்சுக்குத் தாவிவிட்டேன். அந்த 'ஏன்' என்பதற்கான பதில் என் ரத்தத்தில் இருந்தது. டீக்கடையில் நின்றுகொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. இந்தக் கட்டுரை அவருக்குப் பதிலாக எழுத ஆரம்பித்தது. எழுத எழுத வேறு சிலவும் கூட வந்துவிட்டன.

2003-ல் ஒரு நண்பருக்கு இருதய ஆபரேஷன். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். நான்காம் நாள் ரத்த வங்கியிலிருந்து வரச்சொல்லி போன். அங்கிருந்த பையன் என்னைத் தனியே அழைத்துப் போய், சுவரைப் பார்த்துக்கொண்டே, "ஸார், ஒங்க ரத்தத்தை எடுத்துக்க முடியாது. இனிமே எங்கயும் கொடுக்காதீங்க" என்றான். ஒரு துண்டுக் காகிதத்தில் ஹெபடைடிஸ் பி என்று எழுதியிருந்தது. பிறகு பார்த்த டாக்டர் சாவதானமானவர். கல்லீரல் நன்றாகவே இருக்கிறது, இப்போது மருந்து ஒன்றும் வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் சோதித்துக்கொண்டால் போதும், நீங்கள் ஒரு 'கேரியர்', அவ்வளவுதான் என்றார். கேரியர் என்றதும் எனக்கு எவர்சில்வர் அடுக்குதான் ஞாபகம் வந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகச் சாம்பார், ரசம், பொரியல். யாருடைய சாப்பாட்டையோ யாருக்கோ எடுத்துப் போகிற சாமான்.

அவர் இன்னொன்றும் சொன்னார். மனைவி, குழந்தைகள், கூடப்பிறந்தவர்கள், தாயார் எல்லோரையும் சோதித்துவிடுங்கள். ஆகட்டும் என்றேன். மனைவிக்குச் சொல்லாமல் முடியாது, சொன்னேன். அவளும் பிள்ளைகளும் சோதித்து, தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். அத்தோடு நிறுத்திக்கொண்டேன். ஊரில் ஈரல் கெட்டவன் என்றால் குடிகாரன். ரத்தத்தில் கிருமி என்றால் அதற்கும் மேல். கோவில்பட்டியில் இருக்கிற அண்ணனுக்கும் அக்காவுக்கும் அம்மாவுக்கும் இதை எப்படிச் சொல்வது, என்ன நினைப்பார்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தப் 'பிறகு' ஏழு வருஷம் நீண்டது. எழுத்தில் நேர்மை வேண்டும் என்று மற்றவர்களை நான் மிகவும் படுத்திய வருஷங்கள் அவைதாம் என்பதைப் பழைய இதழ்களைப் புரட்டினால் தெரிந்துகொள்ளலாம்.

யாரிடமும் பேசாத விஷயத்தைப் படிக்கலாமே என்று படிக்க ஆரம்பித்தேன். இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்ட விதமே ஒரு விபத்து. பரூக் ப்ளூம்பெர்க் என்ற அமெரிக்கர் கல்லீரலைத் தேடிப் போனவர் அல்ல. ஒரே நோய் ஒருவனைப் பீடிக்கிறது, இன்னொருவனை விட்டுவிடுகிறது, ரத்தத்தில் பிறவியிலேயே ஏதாவது வித்தியாசம் இருக்குமா என்று பார்க்க உலகமெங்கும் இருந்து ரத்தம் சேர்த்துக்கொண்டிருந்தார். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு ஹீமோஃபீலியா நோயாளியின் ஸீரம், ஓர் ஆஸ்திரேலியப் பூர்வகுடியின் ஸீரத்தோடு சேர்ந்தபோது ஒரு கோடு விழுந்தது. 1965-ல் அதற்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜன்' என்று பெயர் வைத்து வெளியிட்டார்கள். அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை என்பது பின்னால்தான் தெளிவாயிற்று. 1976-ல் நோபல் பரிசு. அவருடைய பிறந்த நாளான ஜூலை 28 இன்று உலகக் கல்லீரல் அழற்சி தினம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ல் இந்த வைரஸோடு வாழ்ந்தவர்கள் 25 கோடியே 40 லட்சம் பேர். இந்தியாவில் சுமார் 3 கோடி. கூட்டம் பெரிசுதான். ஆனால் யாரும் யாரையும் தெரிந்துகொள்ளாத கூட்டம்.

எனக்கு ஆச்சரியமாக இருந்த முதல் விஷயம், இந்த வைரஸ் ஈரலை ஒன்றும் செய்வதில்லை என்பது. செல்லுக்குள் புகுந்து, அதன் உட்கருவில் தன் மரபணுவை ஒரு சிறு வளையமாக முறுக்கி வைத்துக்கொள்கிறது. செல் தன் வேலையைச் செய்துகொண்டே வைரஸின் வேலையையும் செய்கிறது. செல் சாவதில்லை. ஈரல் கெடுகிறது என்றால், தழும்பு விழுந்து சுருங்குகிறது என்றால், அதைப் பெரும்பாலும் செய்வது உடம்பின் சொந்தக் காவலர்கள்தாம். டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள், வைரஸ் குடியிருக்கும் செல்லை அடையாளம் கண்டு அந்தச் செல்லைக் கொல்கின்றன. வீட்டுக்குள் திருடன் இருப்பதாக வீட்டைக் கொளுத்துவதுபோல என்று எழுதலாம்தான். ஆனால் இங்கே திருடன் எதையும் திருடவில்லை. படிமம் உடனே கோணலாகிவிடுகிறது. இந்த விஷயத்தில் எடுத்த படிமமெல்லாம் நாலடி போவதற்குள் நொண்டிவிடுகிறது. நண்பருடைய படிமத்தைப் போலவே.

இரண்டாவது, அது நுழைகிற மௌனம். ஃப்ளூ போன்ற வைரஸ்கள் வந்த மாத்திரத்தில் செல்லுக்குள் ஓர் அபாயச் சங்கு ஊதுகிறது. இன்டர்ஃபெரான் சுரக்கிறது, காய்ச்சல் வருகிறது. ஹெபடைடிஸ் பி அப்படியல்ல. 2004-ல் சிம்பன்ஸிகளின் ஈரலை வாரம் வாரமாகச் சோதித்துப் பார்த்தார்கள். வைரஸ் நுழைந்து பெருகும் ஆரம்ப வாரங்களில் ஈரலின் மரபணுக்களில் எதிர்வினை என்று சொல்லும்படியாக எதுவுமே இல்லை. இதற்கு மேல் இன்னொரு தந்திரமும் உண்டு. முழு வைரஸ் ஒன்று உருவானால், உள்ளே ஒன்றுமில்லாத வெற்று மேலுறைகள் ஆயிரக்கணக்கில் உருவாகி ரத்தத்தில் மிதக்கின்றன. நாற்பத்திரண்டு நானோமீட்டர் உருண்டைதான் நிஜமான வைரஸ். இருபத்திரண்டு நானோமீட்டர் உருண்டைகள் வெறும் சட்டைகள். எதிர்த்து வருகிற ஆன்டிபாடிகள் இந்தச் சட்டைகளோடு மல்லுக்கட்டித் தீர்ந்துபோகின்றன. ப்ளூம்பெர்க்கின் கோடு விழுந்ததும் இந்தச் சட்டைகளால்தான். போலிகளைப் பற்றிப் பேச வேண்டுமானால் நண்பர் இங்கிருந்து ஆரம்பித்திருக்கலாம்.

மூன்றாவது ஈரலின் சுபாவம். தமிழில் பயத்தை ஈரலில் வைத்திருக்கிறோம். ஈரக்குலை நடுங்குகிறது, ஈரக்குலை பதறுகிறது. விஞ்ஞானம் சொல்வது இதற்கு நேர் எதிர். உடம்பிலேயே சுலபத்தில் பதறாத உறுப்பு ஈரல்தான். அதற்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கத்திலிருந்து வருகிறது. தின்றது, குடித்தது, குடலில் வாழும் பாக்டீரியாக்களின் உதிரிகள் எல்லாம் ஒவ்வொரு நிமிஷமும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கொந்தளித்தால் மனுஷன் ஒருவேளைச் சாப்பாட்டுக்குத் தாங்க மாட்டான். ஆகவே ஈரல் விட்டுக்கொடுக்கப் பழகியிருக்கிறது. 1969-ல் ராய் கால்ன் என்ற ஆங்கிலேய அறுவைச் சிகிச்சை நிபுணரும் கூட இருந்தவர்களும் ஒரு பன்றியின் ஈரலை இன்னொரு பன்றிக்குப் பொருத்தினார்கள். எதிர்ப்பை அடக்கும் மருந்தில்லாமலே பல பன்றிகள் அதை ஏற்றுக்கொண்டன. அதே பன்றியின் தோலையோ சிறுநீரகத்தையோ தனியாகப் பொருத்தினால் உடம்பு நிராகரித்துவிடும். ஈரலோடு வந்தால் அவற்றையும் சகித்துக்கொண்டது. தான் சகிப்பது மட்டுமல்லாமல், சகிக்கும்படி மற்றவர்களையும் பழக்குகிற உறுப்பு. இந்த வைரஸ் வேறெங்கும் போகாமல் அங்கே போய்க் குடியேறியதில் அர்த்தமிருக்கிறது.

இனி வயது. வளர்ந்த ஒருவனுக்கு இந்த வைரஸ் தொற்றினால், நூற்றில் ஐந்துக்கும் குறைவானவர்களிடம்தான் நிரந்தரமாகத் தங்குகிறது. மற்றவர்களை விட்டுப் போய்விடுகிறது. பிறக்கும்போது தாயிடமிருந்து பெறுகிற குழந்தைகளில், தடுப்பூசி இல்லையென்றால், தொண்ணூறு பேரிடம் தங்கிவிடுகிறது. வளர்ந்தவன் உடம்பு சண்டை போடுகிறது. குழந்தையின் உடம்புக்கு எது தான், எது அந்நியம் என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. இங்கேதான் நம்மூர்ச் சங்கதி ஒன்று வருகிறது. சண்டை போடுகிற உடம்புக்குத்தான் மஞ்சள்காமாலை வருகிறது. காமாலை என்பது வைரஸின் முன்னேற்றம் அல்ல, அதை அடிக்கப் போன சேனை ஈரலையும் சேர்த்து அடித்ததன் அடையாளம். எனவே காமாலை வந்து படுத்த வாலிபன் பெரும்பாலும் எழுந்து, வைரஸை உதறிவிட்டுப் போகிறான். ஒரு நாளும் கண் மஞ்சளாகாத என்னைப் போன்றவன் ஆயுசு முழுக்கச் சுமக்கிறான். (காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்கிறார்கள். பின்னால் அண்ணனிடம் இதைக் கேட்டேன். அவனுக்கு உலகம் எப்போதும் போலத்தான் தெரிந்தது. அவனைப் பார்த்த எங்களுக்குத்தான் மஞ்சள்.)

இப்படி வருஷக்கணக்கில் சும்மா இருக்கிற நிலைக்கு மருத்துவப் புத்தகங்கள் வைத்த பெயர் 'டாலரன்ஸ்'. சகிப்பு என்று தமிழில் சொல்கிறோம். தமிழில் சகிப்பவனுக்கு வலி உண்டு, தெரிந்தும் பொறுத்துக்கொள்கிறான். செல்லுக்கு அதெல்லாம் கிடையாது என்று நினைத்திருந்தேன். ஆனால் 2012-ல், இந்தச் 'சகிப்புக் கட்ட'த்தில் இருப்பதாகச் சொல்லப்பட்ட இளம் வயதினரின் ரத்தத்தைச் சோதித்தபோது, வைரஸை அடையாளம் கண்டு வினைபுரியக்கூடிய டி செல்கள் அவர்களிடமும் இருப்பது தெரிந்தது. சகிப்பு என்று வெளியிலிருந்து பெயரிடப்பட்ட இடத்தில் உள்ளே ஏதோ நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. 2017-ல் ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கம் தன் வழிகாட்டு நெறிகளில் அந்தப் பெயரையே கைவிட்டுவிட்டது. ஒரு விமர்சனச் சொல்லை இவ்வளவு நாணயமாகக் கைவிட்ட உதாரணம் நம்மிடையே எனக்கு ஞாபகமில்லை.

மற்றொரு சொல் 'எக்ஸாஸ்ஷன்'. இதன் கதை இன்னும் சுவாரஸ்யமானது. 1993-ல் ஜூரிக்கில் எலிகளுக்கு ஒரு வைரஸை அதிக அளவில் ஏற்றிப் பார்த்தார்கள். அதை எதிர்க்க வேண்டிய டி செல்கள் ஒரேயடியாகப் பெருகி, பிறகு இல்லாமலே போய்விட்டன. அதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். கிணறு வற்றிப் போவதுபோல, தீர்ந்துபோதல் என்ற அர்த்தத்தில். 1998-ல் அமெரிக்காவில் இன்னும் கூர்மையான முறைகளால் பார்த்தபோது, அந்தச் செல்கள் எல்லாம் தீர்ந்துபோகவில்லை, அங்கேயே இருக்கின்றன, ஆனால் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. சொல் அதேதான், அர்த்தம் மட்டும் களைத்துப்போதல் என்று மாறிவிட்டது. இங்கிலீஷ்காரனுக்கு இரண்டுக்கும் ஒரே வார்த்தை இருந்ததால் சிரமமில்லாமல் போயிற்று. தமிழில் எழுதுகிறவன் தீர்ந்ததா, களைத்ததா என்று முடிவு செய்துகொண்டுதான் அடுத்த வாக்கியத்துக்குப் போக முடியும். தமிழில் விஞ்ஞானம் எழுத முடியாது என்று சொல்கிறவர்களுக்கு இதை ஞாபகப்படுத்த வேண்டும். சில இடங்களில் தமிழில்தான் நழுவ முடிவதில்லை.

களைப்பு ஒரு வரிசையில் வருகிறது. முதலில் அந்தச் செல் தன்னினத்தைப் பெருக்கிக்கொள்ளத் தேவையான ரஸாயனத்தைச் சுரக்க மறந்துபோகிறது. பிறகு கொல்லும் திறன் மங்குகிறது. கடைசியாக இன்டர்ஃபெரான் சுரப்பது நிற்கிறது. செல்லின் வெளிப்புறத்தில் பிடி-1 என்ற ஒரு புரதம் முளைத்து நிற்கிறது. 1992-ல் ஜப்பானில் தாசுகு ஹோஞ்ஜோவின் ஆய்வுக்கூடத்தில் கண்டெடுத்தது. அது ஒரு கடிவாளம். எதிரி கண்ணெதிரில் வருஷக்கணக்கில் நிற்கும்போது அந்தக் கடிவாளம் இறுகிக்கொண்டே போகிறது. 2006-ல் ஹைதராபாத்தில் பிறந்து அட்லாண்டாவில் பணிபுரிந்த ரஃபி அஹமதின் குழுவினர், எலிகளில் இந்தக் கடிவாளத்தை மருந்தால் அவிழ்த்தார்கள். களைத்த செல்கள் எழுந்து வேலை செய்தன, வைரஸ் குறைந்தது. இதே சூத்திரம்தான் இன்று புற்றுநோய் மருந்தாகியிருக்கிறது. ஹோஞ்ஜோவுக்கும் ஜேம்ஸ் ஆலிஸனுக்கும் 2018-ல் நோபல் பரிசு. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ஆராய்ச்சியின் இன்னொரு பகுதி. இந்தக் கடிவாளத்தைப் பிடித்திழுக்கும் ஜோடிப் புரதம் பிறவியிலேயே இல்லாத எலிகளுக்கும் அதே வைரஸைக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். களைப்பே அறியாத எலிகள். அவை சில நாட்களில் செத்துப்போயின. வைரஸால் அல்ல, தம் எதிர்ப்பால்.

களைப்பு என்பது தோல்வி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என் ஈரல் அறுபது வயதுக்கும் மேல் ஓடிக்கொண்டிருப்பது, அதைக் காக்க வேண்டியவர்கள் களைத்திருப்பதால். நண்பர் எழுதியதுபோல என் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடவில்லை. சளி வந்தால் மற்றவர்களைப் போல எனக்கும் நாலு நாளில் சரியாகிறது. இது எய்ட்ஸ் அல்ல. இந்த ஒரு எதிரி விஷயத்தில் மட்டும்தான் இந்த ஏற்பாடு.

அண்ணனுக்கும் அதே ஏற்பாடுதான் இருந்தது. அது எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது.

2010-ல் அவன் கழுத்தில் நெறி கட்டியது. நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சிகிச்சை. ரிடுக்ஸிமாப் என்ற மருந்தும், கூட ஸ்டீராய்டும் மற்றவையும். குணமாகக்கூடிய வகை என்று சொன்னார்கள், குணமும் ஆயிற்று. கட்டிகள் கரைந்து, தலைமயிர் திரும்ப முளைக்க ஆரம்பித்தது. "ஏல, பாத்தியா, சுருட்டை முடி வருது" என்று போனில் சிரித்தான். இரண்டு மாதம் கழித்துக் கண் மஞ்சளாயிற்று.

நடந்ததை இப்போது என்னால் படம் போட்டுக் காட்ட முடியும். அந்த மருந்து பி செல்கள் என்ற இனத்தையே துடைத்துவிடுகிறது. ஸ்டீராய்டு டி செல்களை அமுக்கிவிடுகிறது. களைத்தாலும் கண்விழித்து உட்கார்ந்திருந்த காவல் எழுந்து போயிற்று. உட்கருக்களில் வளையமாகச் சுருண்டிருந்தது பெருகி ஈரல் முழுவதும் நிறைந்தது. அப்போதும் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வைரஸ்தான் ஒன்றும் செய்யாதே. மருந்து முடிந்தது, காவல் திரும்பி வந்தது, வீடு நிறைய ஆட்களைப் பார்த்தது. அவனைக் கொன்றது அவன் உடம்பு தேறியதுதான். ஆறு வாரத்தில் முடிந்துவிட்டது. 2011 தை மாதம்.

சிகிச்சை ஆரம்பிக்குமுன் ஒரு சாதாரண ரத்தச் சோதனை செய்து, வைரஸை அடக்கும் மாத்திரையைத் தினம் ஒன்று கொடுத்திருந்தால் அநேகமாக இது நேர்ந்திருக்காது. அந்த ஆஸ்பத்திரியில் செய்யவில்லை. 2013 செப்டம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம், ரிடுக்ஸிமாப் கொடுக்குமுன் எல்லோரையும் ஹெபடைடிஸ் பி-க்குச் சோதிக்க வேண்டும் என்று கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் செய்தது. அபாயம் அதற்கு முன்பே தெரிந்ததுதான். மதினி அந்த டாக்டரைச் சபித்தாள். அக்கா புருஷன் வக்கீலைப் பார்க்கலாம் என்றார். நான் தலையாட்டினேன். கூடப்பிறந்தவர்களைச் சோதியுங்கள் என்று 2003-லேயே ஒரு டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் என்னைப் பார்க்க முதல் கீமோவுக்கு முந்தின நாள் வந்திருந்தான். இட்லி சாப்பிட்டான். கிரிக்கெட் பேசினோம். அப்போது சொல்லியிருக்கலாம். புற்றுநோய்க்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அன்று எனக்குத் தெரியாது என்பது உண்மை. தெரியாது என்பதால் சொல்லவில்லை என்பது பொய்.

மதினி இந்தப் பத்திரிகையைப் படிப்பதில்லை. குடும்பத்தில் யாரும் படிப்பதில்லை. முன்னூறு பிரதி அச்சாகும் ஓர் இடத்தில் இதை ஒப்புக்கொள்வதன் லட்சணம் எனக்குத் தெரியாமலில்லை.

அந்த ஆறு வாரமும் அம்மா கீழாநெல்லி அரைத்தாள். கிணற்றடியிலும் வயல் வரப்பிலும் பறித்து, அம்மியில் வைத்து அரைத்து, மோரில் கலந்து கொண்டுவருவாள். டாக்டர்கள் பார்த்தால் திட்டுவார்கள் என்று தூக்குச் சட்டியில் மறைத்து எடுத்துவருவாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அம்மாவிடம் கத்தியும் இருக்கிறேன். பின்னால் தெரிந்தது, அந்தத் தூக்குச் சட்டிக்கும் ப்ளூம்பெர்க்குக்கும் சம்பந்தம் உண்டு என்று. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ்.பி. தியாகராஜனும் கூட இருந்தவர்களும் ப்ளூம்பெர்க்கோடு சேர்ந்து 'லான்செட்' பத்திரிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, முப்பது நாள். சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் மேலுறை ஆன்டிஜன் மறைந்துவிட்டது. பொய் மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. கீழாநெல்லியின் நூற்றாண்டுப் புகழுக்குக் காரணம் மேலே சொன்னதுதான் என்று நினைக்கிறேன். காமாலை வந்தவர்களில் பெரும்பாலோர் எப்படியும் பிழைக்கிறவர்கள்; பிழைத்தபோது கையில் கீழாநெல்லி இருந்தது. இருந்தாலும் நோபல் பரிசு பெற்ற ஒருவர் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டுப் போன செடி. அம்மாவிடம் நான் கத்தியிருக்க வேண்டியதில்லை.

அண்ணன் போன பிறகு எல்லோரையும் சோதித்தார்கள். நானும் முதல் தடவை சோதிப்பவன்போலக் கையை நீட்டினேன். எனக்கு இருந்தது. அக்காவுக்கு இல்லை, தொட்டுப் போன அடையாளம்கூட இல்லை. அம்மாவுக்கு மேலுறை ஆன்டிஜன் இல்லை. ஆனால் வைரஸின் உள்ளோட்டுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. ஒரு காலத்தில் இருந்து, பிறகு அடங்கிப் போயிருக்கிறது என்று அர்த்தம். இது அவளிடமிருந்து எங்களுக்கு வந்தது என்பதை நிரூபிக்காது. எங்களிடமிருந்தோ வேறெங்கிருந்தோ அவளுக்கு வந்திருக்கலாம் என்பதை மறுக்கவும் செய்யாது. எங்கள் சின்ன வயசில் தெருவுக்கே ஒரு கம்பவுண்டர். கண்ணாடி ஸிரிஞ்சு, ஒரே ஊசி, வெந்நீர்ப் பாத்திரத்தில் ஒரு முக்கு. இந்தியாவில் குழந்தைகளுக்கு இது பரவிய வழிகளில் அதுவும் ஒன்று. அம்மா கேட்டபோது, ஊசியால் வந்தது, அந்தக் கம்பவுண்டரால் வந்தது என்று சொல்லிவிட்டேன். இருக்கக்கூடிய இரண்டு உண்மைகளில் ஒன்றைச் சொன்னேன்.

எனக்கு இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு டெனோஃபோவிர் 300 மில்லிகிராம். ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை கண்டறிய முடியாத அளவுக்குக் கீழே போய்விட்டது. உட்கருவில் இருக்கும் வளையத்தை இந்த மருந்து தொடுவதில்லை. அதை நகல் எடுப்பதைத்தான் தடுக்கிறது. ஹெபடைடிஸ் சி என்ற இன்னொரு வைரஸ் உண்டு. அதற்கு இப்போது மூன்று மாத மாத்திரையில் பூரண குணம். குணமானவர்களின் டி செல்களை எடுத்துப் பார்த்து 2021-ல் ஒரே சமயத்தில் சில கட்டுரைகள் வந்தன. எதிரி போய்விட்டான், களைப்பு முழுவதும் போகவில்லை. மரபணுக்கள் திறந்து மூடும் முறையில் தழும்பாக நிற்கிறது. அதைப் படித்த அன்று இரவு மாத்திரை போட மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் போட்டுக்கொண்டேன்.

பிறந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ஒரு தடுப்பூசி, பிறகு சில தவணைகள். நாங்கள் பிறந்தபோது அது உலகத்தில் எங்குமே இல்லை. முதல் தடுப்பூசிக்கே 1981-ல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் நாடு முழுதும் குழந்தைகளுக்கு என்று விரிவானது 2011-ல், அண்ணன் போன அதே வருஷம். அண்ணன் மகளின் பையனுக்குப் பிறந்த அன்றே போட்டார்கள். பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அம்மா 2019-ல் இறந்தாள். அதற்கு இரண்டு வருஷம் முன் ஒரு கோடையில் கோவில்பட்டி போயிருந்தேன். கரண்ட் இல்லை. அம்மா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதையோ பேசிக்கொண்டிருந்தவள், "அந்தக் கம்பவுண்டர் ஒங்க ரெண்டு பேருக்கும் ஊசி போட்டாருன்னியே" என்றாள்.

"ஆமாம்மா."

"அக்காளுக்கும் அவருதான போட்டாரு?"

"ஆமா."

"அவதான காய்ச்சல்காரி. ஒங்க ரெண்டு பேர விட அவளுக்குத்தான ஊசி ஜாஸ்தி."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த காம்பை ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, சோறு வைக்கவா என்று கேட்டாள்.